புது மழை ஜாக்கெட் வாங்கும் முன் பழையதைத் துவைத்துப் பாருங்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை ஜாக்கெட்டைப் பற்றியவை. புதிதில் தண்ணீர் ஒட்டாமல் ஓடியது, இப்போது ஊறிப்போகிறது என்பதே எல்லாருடைய குறையும். ஆனால் ஜாக்கெட்டும் வெவ்வேறு, காரணமும் வெவ்வேறு என்பதால் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மலையேற்றத்துக்கென்று நல்ல விலை கொடுத்து வாங்கிய நீர்புகா ஜாக்கெட். முதல் வருடம் மழைத்துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடின. இப்போது சற்று நேர மழைக்கே தோள்பட்டை கறுத்து ஊறிவிடுகிறது. உள்ளேயும் ஈரம். கடையில் காட்டினேன். ‘ஆயுள் முடிந்துவிட்டது, வேறு வாங்குங்கள்’ என்றார்கள். உண்மைதானா?

பதில்: உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் அதைச் சொல்லிவிட முடியாது. விற்பதற்குப் புதியது கையில் இருப்பவர் சொன்னால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இத்தகைய ஜாக்கெட்டில் மழையை எதிர்கொள்பவை இரண்டு. கைக்குத் தட்டுப்படும் வெளித்துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். தண்ணீரைத் தடுக்கும் குணம் அந்தத் துணிக்கு இல்லை. அதன் இழைகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்விலக்குப் பூச்சு ஒன்று ஏற்றப்பட்டிருக்கிறது. தொழிலில் உள்ளவர்கள் அதை டி.டபிள்யூ.ஆர். என்கிறார்கள். துளிகள் உருண்டு ஓடியது அதன் வேலை. இரண்டாவது, துணியின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய சவ்வு. மழை உடம்புக்கு வராமல் கடைசியாக நிறுத்துவது இதுதான். 1969இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், டெஃப்ளான் என்று நாம் அறிந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த படலமாக நீண்டது. 1970களின் பிற்பகுதியில் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் அது உடைகளுக்கு வந்தது. துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. வியர்வையின் ஆவி வெளியேறப் போதுமானவை. இன்று பாலியூரிதேன் சவ்வும் மேற்பூச்சும் கொண்ட ஜாக்கெட்டுகள் ஏராளமாக இருக்கின்றன. அடிப்படை ஏற்பாடு எல்லாவற்றிலும் இதேதான்.

உங்கள் ஜாக்கெட்டில் வெளிப்பூச்சு களைத்துவிட்டது. சவ்வு நன்றாகவே இருக்கலாம். பிறகு உள்ளே ஈரம் எப்படி வந்தது? வெளித்துணி தண்ணீரைக் குடித்து ஊறியதும் சவ்வின் மேல் ஒரு நீர்ப்படலம் போர்த்திக்கொள்கிறது. ஆவி வெளியேற வழியில்லை. ஊறிய துணி உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்வதால் ஜாக்கெட்டின் உட்புறம் குளிர்ந்துபோகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பில் உங்கள் வியர்வையே தண்ணீராகப் படிகிறது. ‘ஒழுகுகிறது’ என்று வருகிற ஜாக்கெட்டுகளில் பல இந்த வகைதான்.

ஒழுகலா வியர்வையா என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஆள் இல்லாமல் ஜாக்கெட்டை நனைப்பது. ஹேங்கரில் மாட்டி ஜிப்பை முழுவதும் மூடுங்கள். கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்காதபடி தொப்பியை மடக்கிக் கட்டுங்கள். உள்ளே தோள், முழங்கை, தையல் ஓடும் இடங்களில் காகிதக் கைக்குட்டைகளை வைத்து ஷவரின் கீழ் சில நிமிடம் தொங்கவிடுங்கள். வெளித்துணி ஊறியும் காகிதம் உலர்ந்தே இருந்தால் சவ்வு பிழைத்திருக்கிறது. கீழே சொல்லப்போகும் வைத்தியம் பலிக்கும். காகிதம் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நனைந்தால் அங்கே ஓட்டையோ, தையலை மூடி உட்புறம் ஒட்டியிருக்கும் தையல் பட்டை விட்டுப்போனதோ இருக்கிறது. பல இடங்களில் பரவலாக நனைந்தால், கடைக்காரர் சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று வருடமாக என் ஜாக்கெட்டை ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. துவைத்தால் பூச்சு போய்விடும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அப்படியும் இப்போது நீர் ஒட்டுகிறது. இத்தனை பத்திரமாக வைத்திருந்தும் ஏன்?

பதில்: துவைக்காததால்தான்.

நண்பர்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஒவ்வொரு சலவையிலும் பூச்சு கொஞ்சம் தேயும். ஆனால் அழுக்கு அதைவிட வேகமாக அதைச் செயலிழக்கச் செய்கிறது. பூச்சின் மூலக்கூறுகள் இழையின்மேல் மயிர்போல நிமிர்ந்து நின்றால்தான் துளி மேலேயே நிற்கும். வியர்வை, தோலின் எண்ணெய், சன்ஸ்கிரீன், கொசுவிரட்டி, புகை, புழுதி எல்லாம் அவற்றின்மேல் படிந்து மூடிவிடுகின்றன. முதுகுப்பையின் வாரும் இடுப்புப் பட்டையும் உரசி அவற்றைப் படுக்கவைத்துவிடுகின்றன. தோளும் மணிக்கட்டும் கழுத்துப் பட்டையும் முதலில் ஊறுவது இதனால்தான். இந்த நிலையில் பூச்சு இருக்கிறது, வேலை செய்ய முடியாமல் இருக்கிறது. அழுக்கை எடுத்துச் சூடு காட்டினால் பெருமளவு மீண்டும் நிமிர்ந்துவிடும்.

ஆகவே பாட்டில் எதையும் வாங்காமல் முதலில் துவையுங்கள். ஜிப்புகள், பை மூடிகள், வெல்க்ரோ அனைத்தையும் மூடுங்கள். திறந்த வெல்க்ரோ துணியைப் பிறாண்டிவிடும். இழுகயிறுகளைத் தளர்த்துங்கள். பைகளில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கழுத்துப் பட்டையிலும் மணிக்கட்டிலும் உள்ள கறையைக் கொஞ்சம் திரவ சோப்பு தொட்டு மென்மையான ஸ்பாஞ்சால் தேயுங்கள். உட்பட்டையில், அதாவது உள்ளே தைத்திருக்கும் சலவைக் குறிப்பில், வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் ஒழிய 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில், மென்சலவையில், கொஞ்சமாக திரவ சோப்பு போட்டுத் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். இரண்டாவது அலசலைத் தவிர்க்காதீர்கள். சோப்பின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இறங்கவைப்பது. மிச்சமிருக்கும் சோப்பு அடுத்த மழையிலும் அதையே செய்யும்.

அடுத்து, பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று. நீர்புகாத் துணியை வாஷிங் மெஷினில் வேகமாகச் சுழற்றிப் பிழியக்கூடாது. தண்ணீர் துணியைத் தாண்டி வெளியேற முடியாமல் பை போலத் தேங்கி நிற்கும். டிரம் சமநிலை தவறி, மெஷின் குதித்து உடைந்த சம்பவங்கள் உண்டு. மேலிருந்து துணி போடும் மெஷின்களின் கையேடுகளில் இதற்கென்றே எச்சரிக்கை இருக்கும், எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கையால் துவைப்பதே நல்லது. அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான நீர், திரவ சோப்பு, பத்து நிமிட ஊறல், அமுக்கி அமுக்கி அலசல், அவ்வளவுதான். முறுக்கிப் பிழியாமல் ஹேங்கரில் மாட்டிச் சொட்டவிடுங்கள். முறுக்கினால் சவ்வு துணியை விட்டுப் பிரியத் தொடங்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாள் கணக்கு தேவையில்லை. கழுத்துப் பட்டை பளபளத்தாலோ, துளி உருளாமல் பரவி நின்றாலோ துவைக்கும் வேளை வந்துவிட்டது.

கேள்வி: இதற்கென்றே தனி சோப்பு விற்கிறார்கள். சிறிய பாட்டில், பெரிய விலை. வீட்டில் இருக்கும் சோப்புத்தூள் ஆகாதா?

பதில்: சோப்புத்தூள் ஆகாது. தனி சோப்பு கட்டாயமும் இல்லை.

தூளில் கரையாத துகள்கள் தையலிலும் இழைகளுக்கிடையிலும் தங்கிவிடும். துணிமேல் ஒளிர்வூட்டிகளை வேண்டுமென்றே விட்டுச்செல்லும் தூள்களும் உண்டு. சாதாரண திரவ சோப்பு போதும். வாசனை குறைவாகவும் கண்டிஷனர் கலக்காததாகவும் இருக்கட்டும்; வழக்கமான அளவில் பாதி போடுங்கள். கோர்-டெக்ஸ் தயாரிப்பாளர்களே தங்கள் உடைகளுக்குத் திரவ சோப்பு போதும் என்றுதான் சொல்கிறார்கள். தனி சோப்பில் உள்ள உண்மையான அனுகூலம், அது துணியில் எச்சம் விடாமல் அலசலில் போய்விடுவது. அலசுவதில் சோம்பல் உள்ளவர்களுக்கு அந்த விலை நியாயம்.

துணி மென்மையாக்கும் கண்டிஷனரும் பிளீச்சும் கிட்டவே வரக்கூடாது. கண்டிஷனர் இழைகள்மேல் ஒரு மெழுக்குப் படலத்தைப் படியவைக்கிறது. அந்தப் படலத்துக்கு நீர் பிடிக்கும். மெஷினின் சோப்புத் தட்டில் பழைய கண்டிஷனர் பிசுபிசுப்பு இருந்தால் அதையும் கழுவிவிட்டு ஜாக்கெட்டைப் போடுங்கள். டிரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள். அதன் கரைப்பான்கள் பூச்சைக் கரைத்துவிடக்கூடும்.

கேள்வி: துவைத்த பிறகு டிரையரில் போடச் சொல்கிறார்கள். என்னிடம் டிரையர் இல்லை. வெயிலில் போட்டால் போதாதா?

பதில்: உலர்த்துவதற்குப் போதும், நிழலாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இங்கே சூடு கேட்பது உலர்த்துவதற்காக அல்ல. படுத்துப்போன மூலக்கூறுகளுக்குச் சூடுதான் மீண்டும் நிமிரும் தளர்ச்சியைத் தருகிறது. வெயிலின் சூடு அதற்குப் போதாது. புறஊதாக் கதிர் நைலானைப் பலவீனப்படுத்தும் என்பது கூடுதல் நஷ்டம்.

டிரையர் இருப்பவர்கள் ஜாக்கெட் காய்ந்த பிறகு மிதமான சூட்டில் இன்னும் 20 நிமிடம் ஓடவிடலாம். இல்லாதவர்களுக்கு இஸ்திரிப் பெட்டி. நன்றாகக் காய்ந்த ஜாக்கெட்டின்மேல் மெல்லிய துண்டு ஒன்றை விரித்து, நீராவியை நிறுத்தி, குறைந்த சூட்டில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே தேயுங்கள். ஒட்டவைத்த ஜிப், ரப்பர் எழுத்து, ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உட்புறம் தேய்க்க வேண்டாம். தையல் பட்டையின் பசை இளகிவிடும். தோளில் மட்டும் குறை என்றால் ஹேர் டிரையரே போதும். ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். உட்பட்டையில் ‘இஸ்திரி கூடாது’ என்ற குறி இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள்.

கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் உருண்டு ஓடினால் பணம் மிச்சம். இந்த ஒரு சலவையோடு வேலை முடிந்துவிட்ட ஜாக்கெட்டுகள் எத்தனையோ.

கேள்வி: துவைத்தேன், சூடு காட்டினேன். கொஞ்சம் தேறியது, ஆனால் தோளில் இன்னும் ஊறுகிறது. பூச்சு மருந்து வாங்கலாம் என்றால் துவைக்கும்போது ஊற்றுவது, மேலே தெளிப்பது என்று இரண்டு வகை. எதை வாங்குவது?

பதில்: இப்போது வாங்கலாம். தேய்ந்துபோன பூச்சைச் சூடு திரும்பக் கொண்டுவராது, புதிதாக ஏற்றத்தான் வேண்டும்.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது தெளிப்பான். காரணம் உள்புறம். சலவையோடு ஊற்றும் மருந்து உடை முழுவதையும் ஒரே மாதிரி முக்கி எடுக்கிறது. உள்துணியும் நீரை விலக்கத் தொடங்குகிறது. வியர்வையை உறிஞ்சிப் பரப்புவதற்காகவே வைத்த உள்துணி அந்த வேலையைச் செய்யாமல் போகிறது. தொங்கும் வலையுள்துணி, பஞ்சு, கம்பளிநார் உட்புறம் உள்ள ஜாக்கெட்டுகளுக்குத் தெளிப்பானே சரி. உள்துணியே இல்லாத, அல்லது மூன்று அடுக்கும் ஒன்றாக ஒட்டிய மெல்லிய ஜாக்கெட்டுக்கும் மழைக் கால்சட்டைக்கும் ஊற்றும் வகை வசதி. எங்கும் விடுபடாமல் சமமாகப் படியும். பல உடைகளை ஒருசேரப் பார்ப்பவர்களுக்கு நேரமும் மிச்சம்.

தெளிப்பானுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குறை இருக்கும் இடத்துக்குத் தாராளமாகவும் மற்ற இடங்களுக்கு லேசாகவும் அடிக்கலாம். துவைத்த ஜாக்கெட்டை ஈரத்தோடேயே ஹேங்கரில் மாட்டி, ஜிப்பை மூடி, சுமார் 15 செ.மீ. தள்ளி நின்று தெளியுங்கள். தையல் ஓரங்களும் தோளும் கைமுட்டியும் தொப்பியின் முன்விளிம்பும் தப்பிவிடக்கூடாது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, தேங்கி நிற்கும் மருந்தை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் வெள்ளைத் திட்டுகள் விழும். பிறகு பாட்டிலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சில மருந்துகள் காற்றில் காய்ந்தாலே போதும், நிக்வாக்ஸ் என்ற நிறுவனத்தின் சில மருந்துகள் அப்படிப்பட்டவை. சிலவற்றுக்குச் சூடு வேண்டும். சூடு கேட்கும் மருந்தைக் காற்றில் காயவிட்டு ‘பலிக்கவில்லை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு.

அழுக்குத் துணிமேல் தெளித்தால் பூச்சு அழுக்கின்மேல்தான் ஒட்டும். முதல் மழையோடு இரண்டும் சேர்ந்து போகும். கடையில் மருந்தைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

கேள்வி: தெளிப்பான் அடித்ததும் இருமல் வந்து மூச்சு அடைத்தது. சன்னலைத் திறந்தேன், சரியானது. இது ஆபத்தா?

பதில்: ஆம். இனி அறைக்குள் அடிக்காதீர்கள். அழுத்தக் குப்பியிலிருந்து புகைபோல வரும் தெளிப்பான்களின் நுண்துளிகள் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை. நீர்விலக்குத் தெளிப்பான்களால் கடும் நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது பல நாடுகளின் மருத்துவக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. திறந்த வெளியில், காற்று உங்களிடமிருந்து அப்பால் வீசும் பக்கம் நின்று அடியுங்கள். விசையை அழுத்தினால் பெரிய துளிகளாகச் சீறும் நீர் அடிப்படையிலான பாட்டிலையே வாங்குங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அருகில் வேண்டாம். இருமல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், பாட்டிலையும் எடுத்துச்செல்லுங்கள்.

கேள்வி: ‘பிஃபாஸ் இல்லாதது’ என்று புதுப் பாட்டில்களிலும் புது ஜாக்கெட்டுகளிலும் போட்டிருக்கிறது. பழையது போல வேலை செய்யுமா, அல்லது விளம்பரமா?

பதில்: விளம்பரம் அல்ல. பழையது போல முழுக்க வேலை செய்யும் என்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளாக இந்தப் பூச்சுகள் ஃபுளோரின் ஏறிய கார்பன் சங்கிலிகளால் ஆனவை. பிஃபாஸ் என்பது இந்த வகை வேதிப்பொருள்களின் பொதுப்பெயர். நீரை மட்டுமல்ல, எண்ணெயையும் விலக்கியவை. காரணத்தைப் பரப்பு இழுவிசையில், அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் விசையில், பார்க்கலாம். தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எண்ணெய்களுக்கு 30ஐ ஒட்டி. ஃபுளோரின் பரப்பின் ஆற்றல் 20க்கும் கீழே. மெழுகுக்கும் சிலிக்கானுக்கும் 20க்கும் 30க்கும் இடையில். திரவத்தின் எண் பரப்பின் எண்ணைவிட நன்றாக உயர்ந்திருந்தால் துளி உருளும், நெருங்கிவந்தால் பரவிவிடும். ஆகவே மெழுகுப் பூச்சில் தண்ணீர் நன்றாகவே உருளும், எண்ணெய் பரவி ஊறும். ஃபுளோரின் பூச்சில் இரண்டும் உருளும்.

சிக்கல் என்னவென்றால் அந்தச் சங்கிலிகள் இயற்கையில் சிதைவதே இல்லை. நீரிலும் உயிர்களின் இரத்தத்திலும் சேர்ந்துகொண்டே போகின்றன. எட்டுக் கார்பன் சங்கிலி வகையோடு தொடர்புடைய பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள், எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 2019இல் சேர்க்கப்பட்டது. ஆறு கார்பன் வகை அதன் இடத்துக்கு வந்தது. இப்போது அதையும் பல நாடுகளின் சட்டங்கள் நெருக்குகின்றன. உடை நிறுவனங்கள் முந்திக்கொண்டு மெழுகு, சிலிக்கான், ஹைட்ரோகார்பன் பூச்சுகளுக்கு மாறிவருகின்றன. கோர்-டெக்ஸும் 2022இல் ஃபுளோரின் இல்லாத பாலிஎத்திலீன் சவ்வு ஒன்றைக் கொண்டுவந்தது.

மழைக்கு, சுத்தமாக இருக்கும்வரை, புதிய பூச்சு போதுமானது. நடக்கவும் மலையேறவும் வாங்குகிறவர்கள் தயங்க வேண்டாம். ஆனால் தோலின் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் அதை விரைவாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பழைய ஜாக்கெட்டைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். எண்ணெயோடும் எரிபொருளோடும் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு உடை வேறு விஷயம். அதற்கு அதற்குரிய தரச்சான்று உள்ளதையே வாங்க வேண்டும், வீட்டில் மருந்து அடித்துச் சமாளிக்கக்கூடாது.

பழைய ஃபுளோரின் ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் அதை இதற்காகத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அடுத்த முறை ஃபுளோரின் இல்லாத மருந்தை அதன்மேல் அடிக்கலாம். சில பழைய பூச்சுகளின்மேல் புதியது சரியாக ஒட்டாது; அதனால் உள்பையின் மூடி போன்ற மறைவான இடத்தில் முதலில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வாங்கும்போதே நீண்ட நாள் உழைக்கும் பூச்சு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ஜாக்கெட்டில் 10,000 மி.மீ., இன்னொன்றில் 20,000 மி.மீ. என்று இருக்கிறது. இரண்டாவது இரண்டு மடங்கு நல்லதா?

பதில்: அந்த எண் பூச்சைப் பற்றியதே அல்ல. அது சவ்வின் எண். துணிமேல் நீர்த்தூணை உயர்த்திக்கொண்டே போனால் எந்த உயரத்தில் மறுபுறம் நீர் கசிந்து வருகிறது என்பது அளவு. 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர் நீர்த்தூண், கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். வானிலிருந்து விழும் மழை அதன் அருகில்கூட வராது. கனத்த முதுகுப்பையின் வார் அழுத்தும் தோளும் ஈரத் தரையில் ஊன்றும் முழங்காலும்தான் கூடுதல் எண்ணைக் கேட்கும். நகருக்குள் நடப்பவருக்கு 20,000க்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் வீண்.

பூச்சுக்கு வேறு எண் உண்டு. ஆனால் அதைப் பட்டையில் போடும் நிறுவனங்கள் குறைவு. 45 டிகிரி சாய்த்து வைத்த துணிமேல் 250 மி.லி. நீரைத் தூவி எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்து 100, 90, 80, 70, 50, 0 என்று மதிப்பெண் தருவார்கள். 100 என்றால் எதுவும் நனையவில்லை. 50 என்றால் மேற்பரப்பு முழுவதும் நனைந்துவிட்டது. ‘80/20’ என்று கண்டால் 20 சலவைக்குப் பிறகும் 80 மதிப்பெண் என்று பொருள். புதிதில் நல்ல மதிப்பெண் எடுக்காத ஜாக்கெட் கடையில் அரிது. எத்தனை சலவைக்குப் பிறகு என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் துணியின் விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வியர்வையின் ஆவி எவ்வளவு வெளியேறும் என்பதற்கு ‘காற்றோட்டம் இத்தனை கிராம்’ என்று போட்டிருப்பதை இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். அளக்கும் முறைகள் பல. ஒரே துணி முறைக்கு முறை வெவ்வேறு எண் தரும். அந்தப் பணத்துக்கு அக்குளில் ஜிப் உள்ள ஜாக்கெட் கிடைத்தால் அதை வாங்குங்கள். பூச்சு களைத்த நாளிலும் அந்த ஜிப் திறக்கும்.

கேள்வி: பெட்டியில் மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்தால் உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, செதில் செதிலாக உரிகிறது, புளித்த வாடை வேறு. எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். உட்புறப் பாலியூரிதேன் பூச்சு ஈரப்பதத்தால் சிதைந்துவிட்டது. வெளிப்பூச்சு மருந்து இதைத் திருப்பித் தராது. ஈரத்தோடு மடித்து, காற்றுப் புகாத இடத்தில் வைக்கப்பட்ட உடைகளுக்கு இது சீக்கிரம் வரும், வயதானாலும் வரும். அடுத்த ஜாக்கெட்டை உலர்த்தி, மடிக்காமல் தொங்கவிட்டு வையுங்கள்.

தையல்மேல் ஒட்டிய பட்டை மட்டும் அங்கங்கே எழும்பியிருந்தால் அது வேறு கதை. அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, துண்டு விரித்து இளஞ்சூட்டில் அழுத்தினால் பழைய பசை மீண்டும் பிடிக்கலாம். பிடிக்காவிட்டால் பட்டையை உரித்துவிட்டுத் தையலுக்கான யூரிதேன் பசையைத் தடவி ஒருநாள் காயவிடுங்கள். முள் குத்திய சிறு ஓட்டைக்கு, ஒட்டும் நைலான் ஒட்டுப்பட்டையை முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் வருடக்கணக்கில் இருக்கும். ஓட்டையை அடைத்த பிறகே மருந்து அடிக்க வேண்டும். மருந்து அடித்த துணிமேல் எந்தப் பசையும் ஒட்டாது.

கேள்வி: மெழுகு ஏற்றிய பருத்திக் கோட்டு வைத்திருக்கிறேன். அதற்கும் இதே முறையா?

பதில்: நேர் எதிர். சோப்பும் வெந்நீரும் வாஷிங் மெஷினும் அதன் மெழுகைக் கொண்டுபோய்விடும். குளிர்ந்த நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் அழுக்கைத் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். அந்தக் கோட்டுக்கென விற்கும் மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, துணியால் தொட்டு, வெளிறிப்போன மடிப்புகளிலும் தையல்களிலும் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி இறங்கவிடுங்கள். நீர்விலக்குத் தெளிப்பான் இதற்கு வேலை செய்யாது.

கேள்வி: பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்கும் தெளிப்பான் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் பரப்பே தண்ணீர் போகாதது. பூச்சு ஒட்டவும் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். இதேபோல் வெளித்துணியே இல்லாமல் சவ்வு வெளியே தெரியும்படி செய்த ஜாக்கெட்டுகளும் சில இருக்கின்றன. அவற்றுக்கும் எந்த மருந்தும் தேவையில்லை.

கேள்வி: வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உத்தரவாதம் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதினால் ‘நீர்விலக்குப் பூச்சு தேய்வது இயல்பு, உத்தரவாதத்தில் வராது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். இதற்கு மேல் வழி உண்டா?

பதில்: நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஜாக்கெட் நனைகிறது’ என்று எழுதியிருந்தால் அந்த ஒற்றை வரிதான் வரும். பூச்சு தேய்வதைப் பெரும்பாலான நிறுவனங்கள் டயர் தேய்வதுபோலப் பாவிக்கின்றன. அதில் நியாயமும் இருக்கிறது. சவ்வு பிரிவது, உட்புறம் குமிழ் எழுவது, தையல் பட்டை விட்டுப்போவது ஆகியவை பூச்சுத் தேய்மானம் அல்ல. அவற்றைத் தயாரிப்புக் குறையாகத்தான் வாதாட வேண்டும்.

எனவே முதலில் துவைத்து, சூடு காட்டி, தேவைப்பட்டால் மருந்தும் அடித்துவிடுங்கள். ‘பராமரிக்கவில்லை’ என்ற பதிலுக்கு இடமில்லாமல் போகும். மருந்து வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள். பிறகு முதல் பதிலில் சொன்ன ஷவர் சோதனையைச் செய்து, உள்ளே நனைந்த காகிதத்தையும் அது இருந்த இடத்தையும் படம் எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பட்டை எழும்பிய இடம் தெரிந்தால் அதையும் எடுங்கள். கடிதத்தில் ‘வெளித்துணி ஊறுகிறது’ என்ற சொல்லே வேண்டாம். ‘பராமரிப்புக் குறிப்பின்படி துவைத்துச் சூடு காட்டிய பிறகும், ஆள் அணியாத நிலையில், இடது தோள் தையலின் வழியாக உட்புறம் நீர் இறங்குகிறது’ என்று எழுதுங்கள். வாங்கிய தேதி, மாதிரி எண், பில்லின் நகல் எல்லாம் முதல் கடிதத்திலேயே போகட்டும். பழுதுபார்ப்பு, மாற்று, பணம் திரும்ப, மூன்றில் எதைக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்காதவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது அடுத்த வாங்கலுக்கான தள்ளுபடிக் கூப்பன்.

கடைக்காரருக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். பல நாடுகளின் சட்டங்களில் குறையுள்ள பொருளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான். தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேலதிகம். ஜாக்கெட்டை அனுப்பச் சொன்னால் துவைத்து உலர்த்தி அனுப்புங்கள், அழுக்கான உடையைப் பரிசோதனைக்கு ஏற்பதில்லை என்று நிபந்தனை வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. குறை உள்ள இடத்தைச் சுற்றி ஒட்டும் காகிதத்தால் குறித்து, பைகளைக் காலி செய்துவிட்டு அனுப்புங்கள்.